இளந்தொண்டர்க்குப் பொன்னாடை மட்டும் போதுமா?

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டது. பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் ஈப்போ கல்லுமலையிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூடவிருக்கும் மக்கள் வெள்ளத்தைப் பற்றியும் காவடிகளின் எழிலைப் பற்றியும் இச்சிறப்பிதழில் அறிஞர் பெருமக்கள் எழுதியிருப்பார்கள். ஒரு நடுத்தர ஆலயத்தின் செயலாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றி வருபவன் என்ற முறையில், அந்த வெள்ளத்தைக் கரை மீறாமல் காக்கும் இளந்தொண்டர்களைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். அவர்களை நம் ஆலயங்கள் சிறப்பிக்கும் முறையில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு.

திருவிழா நிறைவில் நடப்பது யாவரும் அறிந்ததே. மேடை போடப்படுகிறது. சிறப்பு வருகையாளர் தாமதமாக வருகிறார். உபயகாரர்களுக்கு மாலை, முன்னாள் தலைவர்களுக்கு மாலை, வந்திருக்கும் பிற ஆலயப் பொறுப்பாளர்களுக்கும் மாலை. இரவு பத்து மணி கடந்து கூட்டம் கலையத் தொடங்கும் நேரத்தில், ‘இளைஞர் பகுதியினர் மேடைக்கு வரவும்’ என்று ஒலிபெருக்கியில் அழைப்பு வருகிறது. இருபது முப்பது பேர் ஏறுகிறார்கள். ஒருவர் தோளில் பொன்னாடை விழுகிறது; மற்றவர் அனைவர் சார்பிலும் அவரே பெற்றுக்கொள்கிறார். நிழற்படம் எடுக்கப்படுகிறது. அந்நேரத்தில் உண்மையாகவே உழைத்த பிள்ளைகளுள் பலர் மடைப்பள்ளியில் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் அவர்கள் இல்லை.

அவர்கள் செய்யும் வேலை என்ன என்பதை நம் பக்தர்களிற் பலர் அறியமாட்டார்கள். விடியற்காலை இரண்டு மணிக்குக் காய் நறுக்க உட்காருகிறவர்கள் அவர்கள். பால்குடம் எடுப்போரின் பெயர்களைப் பதிந்து வரிசை எண் கொடுப்பதும், செருப்பு வைக்கும் இடத்தில் நாள் முழுவதும் குனிந்து நிமிர்வதும், மழையில் நனைந்துகொண்டே வாகனங்களை ஒழுங்குபடுத்துவதும் அவர்கள்தாம். தேர் வீடமைப்புப் பகுதிக்குள் நுழையும்போது குறுக்கே தாழ்ந்து தொங்கும் கம்பிகளை நீண்ட மூங்கிற் கவையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கும் இளைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் தேருக்கு முன்னே சென்றும் சுவாமி முகத்தைக் காணாதவர்கள். கண்கள் கம்பியின் மேலேயே இருக்க வேண்டும். மறுநாள் காலை எல்லாரும் உறங்கும்போது பாக்குமட்டைத் தட்டுகளையும் நீர்ப்புட்டிகளையும் பொறுக்கிப் பைகளில் கட்டுகிறவர்களும் அவர்களே.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூத்தொடுப்பதும் கோலமிடுவதும் மட்டுமே அவர்கள் பணி என்று நினைப்பவர் இன்னும் உளர். எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடத்துவோரும், படிவம் ஐந்து மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. காணிக்கை செலுத்த இன்று பலரும் பயன்படுத்தும் கியூஆர் குறியீட்டை வங்கியில் பேசி அமைத்துத் தந்தவரும் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்தான். பரிசளிப்பு என்று வரும்போது மேடையில் தட்டேந்தி நிற்பதற்கு இவர்களை அழைக்கிறோமேயன்றி, பரிசு பெறுவதற்கு அழைப்பது குறைவு.

இத்தகைய தொண்டர்களைத் தனித்தனியே பெயர் சொல்லிச் சிறப்பிக்க வேண்டும் என்று கூறினால் உடனே ஒரு மறுப்பு எழும். தொண்டு என்பது பலன் கருதாதது. விருது கொடுத்தால் ஆணவம் வளரும். அடுத்த ஆண்டு விருதுக்காகவே வருவார்கள் என்பர். பலன் கருதாமை தொண்டு செய்கிறவனின் அறம். அதைச் சொல்லிக்கொண்டு தொண்டு பெறுகிறவன் நன்றி மறந்திருக்க முடியாது. மேலும், இம்மறுப்பைச் சொல்லும் பெரியவர்களுள் சிலர் முதல் மரியாதை கிடைக்காவிட்டால் மூன்று மாதம் ஆலயப் பக்கமே தலைகாட்டாதவர்கள். உபயமாக வந்த குழல்விளக்கில் வெளிச்சம் வரும் இடத்தையெல்லாம் மறைத்துப் பெயர் எழுதச் செய்தவர்களும் அவர்களிடையே உண்டு.

நம் சமயமே இவ்விஷயத்தில் தெளிவாக வழிகாட்டியிருக்கிறது. ஆநிரை மேய்த்த சிறுவர் விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து வழிபட்ட வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. இறைவன் வெளிப்பட்டுத் தம் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்து அவருக்குச் சூட்டினான். நம் விழாக்கள் அந்த மாலையோடு நின்றுவிடுகின்றன. இறைவன் அத்துடன் நிற்கவில்லை. தொண்டர்களுக்கெல்லாம் அவரைத் தலைவராக்கிச் சண்டீசர் என்னும் பதவியையும் தந்தான். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இக்காட்சி அழகிய சிற்பமாக உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயராலேயே நடந்திருக்கின்றன. அதாவது, சிறுவர் ஒருவரிடம் கோயிலின் சொத்துக் கணக்கே ஒப்படைக்கப்பட்டது என்று கொள்ளலாம். நம் ஆலயங்களில் சண்டிகேசுவரர் சந்நிதிக்குச் சென்று மெல்லக் கைதட்டிவிட்டு வருகிறோம். அவர் ஓர் இளைஞர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை நேரில் காணுமுன்பே அவர் பெயரைத் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்குச் சூட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும் ஒவ்வொருவராகக் கல்லில் வெட்டுவித்தான். ‘மற்றும் பலர்’ என்று எழுதி முடித்துவிடவில்லை.

பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்போர் நம் சமுதாயத்தின் நிலையைச் சற்று நோக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் குறித்து அறிவித்தது. அவற்றுள் எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்களில் நம் இளைஞர்கள் எத்தனை பேர் சிக்கினார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். அவ்வெண்களையும் சின்னங்களையும் பொறித்த சட்டைகள் காவடி ஊர்வலங்களுக்குள்ளும் புகுந்தன. ஓர் இளைஞனைக் கும்பல் எப்படி இழுக்கிறது? முதலில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கிறது. சீருடை தருகிறது. சிறு வேலையொன்றைக் கொடுத்து, அதை முடித்து வந்தால் பலர் நடுவே தோளில் தட்டிப் பாராட்டுகிறது. பின்னர் பெரிய பொறுப்புத் தருகிறது. ஆலயம் செய்யத் தவறுவதைத்தான் அது செய்கிறது. மூன்று திருவிழாக்களில் வியர்வை சிந்திய பிள்ளையின் முழுப் பெயர் செயலவையில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், அப்பிள்ளை நான்காவது திருவிழாவுக்கு வேறு யாருடன் வருவான் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே, இளந்தொண்டரைச் சிறப்பித்தல் எங்கே தொடங்க வேண்டும்? பதிவேட்டில் தொடங்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. எங்கள் ஆலயத்தில் மடைப்பள்ளி வாசலில் ஒரு கனத்த கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். வந்த நாள், பெயர், செய்த பணி, வந்த நேரம், சென்ற நேரம் ஆகியவற்றை எழுதி, அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும். மடைப்பள்ளிப் பணிக்கு மடைப்பள்ளி அம்மா. வாகனப் பணிக்கு அப்பகுதிப் பொறுப்பாளர். தலைவரும் செயலாளரும் ஒப்பமிடக் கூடாது என்று விதித்துக்கொண்டோம். விழா நாளில் நாங்கள் பிரமுகர்களை வரவேற்பதிலேயே இருப்போம். யார் உழைத்தார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் புத்தகம் பல செய்திகளைச் சொன்னது. நாவன்மை உடையவர்களும் செயலவையினரின் பிள்ளைகளும்தாம் இதுவரை கண்ணில் பட்டார்கள். புத்தகத்தைப் புரட்டியபோது, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்குகளைத் துலக்கிச் சென்ற ஒருவர் அகப்பட்டார். அருகிலுள்ள அடுக்குமாடியைச் சேர்ந்தவர். ‘தம்பி’ என்பதைத் தவிர வேறு பெயர் யாரும் சொல்லி அழைத்ததில்லை. எஸ்.பி.எம். தேர்வில் அவர் சிறப்பாகத் தேறவில்லை. நம் ஆலயங்கள் வழங்கும் கல்விப் பரிசுகளில் அவருக்கு இடமே இல்லை. கல்விப் பரிசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது தேவை. ஆயினும், ஆலயப் படியே மிதிக்காத ‘ஏ’ மாணவருக்குப் பணமுடிப்பும், படியைக் கழுவுகிறவருக்குக் கைதட்டலும் என்றிருப்பது முறையா என்று பெருமக்கள் சிந்திக்க வேண்டும்.

அவ்விளைஞருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு கடிதம். ஆலய முத்திரையுடன், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. ‘நல்ல பண்பாளர், கடமையுணர்வு மிக்கவர்’ என்று எல்லாருக்கும் எழுதும் வெற்றுச் சொற்கள் அதில் இல்லை. எத்தனை மாதம் எந்தப் பணியைச் செய்தார், விழா நாளில் எத்தனை பேரை வழிநடத்தினார், எந்தப் பொருள்கள் அவர் பொறுப்பில் இருந்தன, அவை திரும்ப எண்ணி ஒப்படைக்கப்பட்டனவா என்பன எழுதப்பட்டன. வேலைக்கான நேர்காணலில் அதைப் படித்தவர், பொருள்களை எண்ணி ஒப்படைத்த முறையைப் பற்றியே நெடுநேரம் கேட்டாராம். இன்று அவர் ஒரு பண்டகசாலையில் பணிபுரிகிறார். பொன்னாடையை நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல முடியாது அல்லவா?

இம்முறை நம் கண்டுபிடிப்பு அன்று. எடின்பரோ கோமகன் 1956-இல் பிரிட்டனில் தொடங்கிய இளைஞர் விருதுத் திட்டம், ‘அனுகெராஹ் ரெமாஜா பெர்டானா’ என்ற பெயரில் இந்நாட்டிலும் நடந்து வருகிறது. 14 முதல் 24 வயது வரையிலானவர்க்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். அதில் ஒருவரையொருவர் வெல்லும் போட்டி இல்லை. குறித்த காலம் தொடர்ந்து செய்து, பதிந்து, மேற்பார்வையாளர் உறுதிப்படுத்தினால் எவரும் பெறலாம். தங்க விருதுக்குத் தொண்டுப் பகுதியில் மட்டும் குறைந்தது 12 மாதத் தொடர்பணி தேவை. ‘ஆண்டின் சிறந்த இளைஞர்’ என்று ஒருவரைத் தேர்ந்து மற்றவரை வருத்துவதைவிட இது நம் இயல்புக்குப் பொருந்தும். ஆலயங்கள் தத்தம் இளைஞர்களை இத்திட்டத்தில் சேர்ப்பதும் நன்று.

எனினும், கடிதமும் சான்றிதழும் பாதி வழிதான். மாலையோடு பதவியும் தந்த சண்டீசர் வரலாற்றுக்கு மீண்டும் வருகிறேன். நம் ஆலயங்களில் ‘இளைஞர் பகுதித் தலைவர்’ என்று அறிமுகப்படுத்தப்படுகிறவரின் தலை சில வேளை நரைத்திருக்கிறது. இளைஞர் என்பதற்கான உச்ச வயதை 40-இலிருந்து 30 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றியது. அதே ஆண்டில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நாட்டை ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உடைய பிள்ளை, ஆலய வரவு செலவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் மட்டும் ‘உனக்கென்ன தெரியும்’ என்று அதட்டப்படுகிறது.

இளைஞர்கள் அவசரக்காரர்கள் என்றும், படிப்பு முடிந்ததும் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுவார்கள் என்றும் எங்கள் செயலவையிலேயே இருவர் வாதிட்டனர். போகட்டுமே. இரண்டாண்டு ஆலயக் கணக்கைப் பார்த்துப் பழகியவர் போகும் ஊரிலும் ஓர் ஆலயத்துக்குப் பயன்படுவார். எரிவாயு அடுப்புகளையும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதையையும் நம்பி ஒப்படைக்கிறோம். ஒரு கோப்பை ஒப்படைக்க அஞ்சுவது வியப்பே.

எங்கள் ஆலயச் சட்டவிதிகளைத் திருத்தி, பதினைந்து பேர் கொண்ட செயலவையில் இரண்டு இடங்களை 18 முதல் 30 வயதுக்குட்பட்ட தொண்டர்களுக்கு ஒதுக்கும் தீர்மானத்தை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழியவிருக்கிறேன். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். பதிவேட்டில் ஓராண்டுப் பணி பதிவாகியிருத்தல் வேண்டும். பிற செயலவையினரைப் போல் வாக்குரிமையும் கணக்கைப் பார்வையிடும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கூட்டத்தில் நிறைவேறினாலும் சங்கப் பதிவதிகாரியின் ஒப்புதல் கிடைத்த பின்னரே இது நடப்புக்கு வரும். எதிர்ப்பும் இருக்கும் என்பதை அறிவேன். திருத்தத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவைப்படுவதால், சந்தா பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தைப்பூசத்துக்கு முன்னரே ஆலய அலுவலகத்தில் அதைச் செலுத்தி, வாக்களிக்கும் தகுதியுடன் கூட்டத்துக்கு வருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மடைப்பள்ளி வாசலில் உள்ள புத்தகத்தை எவரும் எடுத்துப் பார்க்கலாம்.