தாமதித்தது நாங்கள் இல்லை

"ரொம்ப லேட்டா கூட்டிட்டு வந்திருக்கீங்க." பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிச் சொன்னார்கள். சொந்தக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். படிச்ச பொண்ணு, பெத்தவளை முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா என்கிறார்கள். இனிமேலும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நாங்கள் தாமதிக்கவில்லை. இருமல் நிற்கவில்லை என்றதுமே போனோம். திரும்பத் திரும்பப் போனோம். திருப்பி அனுப்பியது யார்?

சேத்துப்பட்டில் எங்கள் வீட்டில் தறி. அப்பா பட்டு நெய்வார், அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். மழைக்காலத்தில் பிடித்த இருமல் பொங்கல் கழிந்தும் விடவில்லை. கிளினிக்கில் சளி மருந்து, ஊசி, மாத்திரை. மறுபடியும் அதே மருந்து, அதே ஊசி.

அம்மா எதையும் மறைக்கவில்லையே! தோள்பட்டைக்குள்ள குத்துது என்றாள். தார் சுற்றுகிற கை, வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். தொண்டை கம்மிப் போச்சு என்றாள். உப்புத் தண்ணீரில் கொப்பளி என்றார்கள். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது என்றாள். வயசாகுதில்ல என்றார்கள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு என்றாள். டானிக் குடி என்றார்கள். சளியில் ரத்தக் கோடு வந்தது. அதையும் சொன்னோம். டிபி என்றார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது அரசின் காசநோய்த் திட்டம் சொல்வது. அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்குக் காசு கிடையாது. ஏன் அனுப்பவில்லை? சோதிக்காமலே டிபி மாத்திரை கொடுத்து, உடம்பு தேறாதபோதும் அதையே முழுங்கச் சொன்னது எந்தப் படிப்பு? அம்மா சொன்னது அத்தனையும் நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம், தெரியும். எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்து வந்தபோதுமா சந்தேகம் வரவில்லை?

நாங்கள் நெய்யும் சேலையில் ஓர் இழை விட்டிருந்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள். கிளினிக் டாக்டர்களே, என் அம்மாவின் மாரை அப்படி ஒரு தடவை எக்ஸ்ரே வெளிச்சத்தில் பார்க்க உங்களுக்கு என்ன தடை?

"பொம்பளைதானே, பீடி சிகரெட்டா குடிக்கிறாங்க? பயப்படாதீங்க" என்றீர்கள். யாருடைய புகையை அவள் இழுத்தாள் என்று கேட்டீர்களா? அப்பா பற்றவைத்த பீடி அத்தனையின் புகையும் அந்த ஒற்றை அறையில்தான் சுற்றியது. புகை பிடிக்கிறவர்களின் மனைவிமாருக்கு, தாங்கள் தொடாமலே, நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று ஜப்பானில் ஹிராயாமா 1981-லேயே எழுதிவிட்டார். அம்மா போன பிறகு, நான் தேடிப் படித்தேன். வைத்தியம் படித்தவர்களுக்குத் தெரியாதா? பொது இடத்தில் புகைக்க 2008-லிருந்து தடை இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் மூச்சு முட்டுகிறவளுக்கு எந்தச் சட்டம்?

அரசையும் கேட்கிறேன். 2021-லிருந்து வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறீர்கள். நல்லது. வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் பரிசோதனை வைத்திருக்கிறீர்கள். கும்பிடுகிறேன். இருமுகிறவளிடம் "எத்தனை நாளா இருமுறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

கடைசியில் சிடி ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது. ஆரம்பத்திலேயே கண்டிருந்தால் கட்டியை அறுத்தெடுத்திருக்கலாமாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இருந்து என்ன? அங்கே போ என்று சொல்ல ஒரு வாய் இல்லையே!

ஊர்க்காரர்களே, மூன்று வாரம் தாண்டியும் இருமல் விடவில்லையா? எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள். சளியில் துளி ரத்தம் கண்டால் அன்றைக்கே கிளம்புங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால்கூட அடங்கிவிடாதீர்கள், இருமல் தொடர்ந்தால் சிடி ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். டாக்டர்களே, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். மேலே அனுப்புங்கள். அதற்கு மெஷின் வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும். அதைக்கூட எழுதாத கை எங்கள் நாடியை எதற்குப் பிடிக்கிறது?