காய்ச்சலோடு வீங்கிய மூட்டுக்குக் கட்டுப் போடாதீர்கள்

கனகம்மாசத்திரம் பக்கம் யாருக்காவது மூட்டு வீங்கினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சுளுக்கா இருக்கும், புத்தூர் போய் ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு வா." திருத்தணி, நகரி தாண்டினால் ஆந்திரப் புத்தூர். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் அந்தக் கட்டுக்கு நெடுநாள் பேர் உண்டு. கீழே விழுந்து கை பிசகியவர் அங்கே போவதைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. விழாமல், அடிபடாமல், காய்ச்சலோடு வீங்கிய மூட்டையும் அதே கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை அது. தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிதான். சிரங்கு, முள் குத்திய புண், சர்க்கரைக்காரரின் ஆறாத கால்புண் என ஏதோ ஒரு வழியில் ரத்தத்தில் ஏறி மூட்டில் தங்கிவிடும். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. சீழ் அதை அரிக்கச் சில நாட்களே போதும். அரித்துப் போனது மறுபடி வளராது. பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உயிரே போகிறது.

கைக்குழந்தையின் இடுப்பு மூட்டு இன்னும் மோசம். வெளியே வீக்கமே தெரியாது. துணி மாற்றக் காலைத் தொட்டால் அலறும், ஒரு காலை மட்டும் அசைக்காமல் மடக்கிச் சாய்த்து வைத்திருக்கும், பால் குடிக்காது. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். உள்ளே சீழ் அழுத்த அழுத்த, தொடையெலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் நின்று அது செத்துப்போகும். பிறகு ஆயுளுக்கும் ஒரு கால் குட்டை. லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித் 1874-லேயே இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். நாமோ இன்றும் "உரம் விழுந்திருக்கு" என்று எண்ணெய் தடவி உருவுகிறோம். சீழ் கட்டிய மூட்டை உருவுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

"மூட்டில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் போய்விடும்" என்பது அடுத்த பொய். கால் போவது நீர் எடுக்காததால்தான். நல்ல மூட்டு நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில், நூலாக இழுபடும். சீழ் பிடித்ததோ கலங்கி வரும். ஒரு கன மில்லிமீட்டரில் 200-க்குள் இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டியிருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் அந்த நீரை வளர்த்துப் பார்த்தே சொல்ல முடியும். மெடிக்கலில் நாமே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போனால் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். வலி மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். சிகிச்சை என்பது சீழை வெளியேற்றி மூட்டைக் கழுவுவதும், முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் சில வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பதும்தான். வலி நின்றதும் மருந்தை நிறுத்துகிறவர்கள் நோயைத் திரும்ப அழைக்கிறார்கள்.

"எங்கப்பாவுக்குக் கட்டுப் போட்டுத்தானே சரியாச்சு?" என்று கேட்பார்கள். அவருக்கு வந்தது சுளுக்கு. சுளுக்கு கட்டுப் போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும். அந்த ஓர் அனுபவத்தை வைத்துக் காய்ச்சல் அடிக்கும் பேரப்பிள்ளையின் காலைப் பணயம் வைப்பது நியாயமா?

மூட்டு திடீரென வீங்கிச் சுடுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, பிள்ளை காலை ஊன்ற மறுக்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். புத்தூர் பஸ்ஸில் ஏறியே விட்டீர்கள் என்றால், திருத்தணியில் இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.