மூன்றடிக்குள் ஒரு ரீவா
இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையிலுள்ள சார்னிகோவில் கார்லோ ரீவா 1962-இல் உருவாக்கிய ‘அக்வராமா’ மரப்படகின் அழகை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் காட்சி மாதிரி ஒன்றின் படத்தைப் பார்த்தபோது என் கண் இருக்கையிலேயே நின்றுவிட்டது. பத்தில் ஒரு பங்கு அளவு. எட்டு மீட்டருக்கு மேல் நீளமான படகு மூன்றடிக்குள் அடங்கிவிடுகிறது. மஹோகனியை இழைத்து மெல்லிய பட்டையாக்கலாம், வார்னிஷைப் பூசித் தேய்த்து, மறுபடி பூசிக் கண்ணாடியாக்கலாம். இருக்கைக்குப் போர்த்தும் தோல் அப்படிப் படியாது. ஒரு மில்லிமீட்டர் தோலை அந்தக் குட்டி இருக்கையில் போர்த்தினால், நிஜப் படகில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குப் போர்த்திய மாதிரி மொத்தையாகத் தெரியும்; மயிர்க்கண்களும் பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும். அத்தனை உழைப்பும் அந்த ஓரிடத்தில் பொய்யாகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்த கைகள் நம் ஆற்காட்டுச் சீமையில் இருக்கின்றன. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஸ்கைவிங் மெஷின் முன் உட்கார்ந்து, மடிக்க வேண்டிய விளிம்பைக் காகிதம்போல் சீவித் தள்ளும் பெண்களைப் பாருங்கள். விரலால் தடவியே தடிமனைக் கண்டுகொள்வார்கள். அந்தக் கைத்திறன், ஐரோப்பியப் பெயர் பொறித்த ஷூக்களோடு நின்றுவிடுவது எனக்குத் தாங்கவில்லை. வெட்டி எஞ்சிய துண்டுத் தோலுக்கும் இங்கே பஞ்சமில்லை. தொழில் நடத்துபவர்கள் இத்தகைய மாதிரிகளுக்கென ஒரு மேசையை ஒதுக்கி, நல்ல தச்சர் ஒருவரையும் இந்தப் பெண்களோடு உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.