டிஜே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாமா? அமெரிக்க 'மேக்னெட்' பள்ளிகள் பற்றி எண்கள் சொல்வது என்ன

வாஷிங்டன் டிசிக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இரண்டு அரசுப் பள்ளிகளில் இருந்து அவளுக்கு அனுமதி வந்திருக்கிறது. இரண்டிலும் படிப்புக் கட்டணம் கிடையாது, இரண்டுமே அறிவியலுக்குப் பேர்போனவை. ஒன்று, 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. எல்லோரும் 'டிஜே' என்பார்கள். இன்னொன்று, பக்கத்து ஊரான லீஸ்பர்கில் 2018-ல் திறக்கப்பட்ட அகாடமிஸ் ஆஃப் லவுடன்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பதில் ரெடியாக இருக்கும்: "டிஜே கெடச்சிருக்கா? அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருக்கிறது. ஆன்சைட் போகும் நண்பர்கள் பலர் வீடு தேடும்போதே பள்ளியையும் சேர்த்துத்தான் தேடுகிறார்கள். அதனால் இந்தப் பள்ளிகள் எப்படி இயங்குகின்றன, அவற்றின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்கள் என்ன என்று பார்க்கலாம்.

மேக்னெட் பள்ளி என்றால் என்ன?

அமெரிக்காவில் பொதுவாக வீட்டு முகவரிதான் அரசுப் பள்ளியைத் தீர்மானிக்கும். வசதியானவர்கள் வாழும் பகுதியில் வசதியான பள்ளி, ஏழைப் பகுதியில் அதற்கேற்ற பள்ளி. இனவாரியாகப் பிரிந்து கிடந்த ஊர்களில் பள்ளிகளும் அப்படியே பிரிந்து கிடந்தன. 1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று சொன்ன பிறகும் நிலைமை மெதுவாகத்தான் மாறியது.

அப்போது வந்த யோசனைதான் இது. ஒரு பள்ளியில் மற்ற இடங்களில் கிடைக்காத சிறப்புப் பாடத்திட்டத்தை வைத்தால், பிள்ளைகள் காந்தத்தால் இழுக்கப்பட்ட மாதிரி எல்லாப் பகுதிகளில் இருந்தும் தாங்களாகவே வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 1968-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி இப்படி மாற்றப்பட்டது. முதல் மேக்னெட் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பல மேக்னெட் பள்ளிகளில் இன்றும் குலுக்கல் முறைதான். ஆனால் சில பள்ளிகள் தேர்வு, மதிப்பெண் வைத்து வடிகட்டத் தொடங்கின. 1985-ல் ஆரம்பித்த டிஜே அந்த வகை. பிள்ளைகளைக் கலக்கப் பிறந்த ஒரு ஏற்பாடு, இங்கே பொறுக்கி எடுக்கும் ஏற்பாடாக மாறிவிட்டது. சண்டை தொடங்கியது அங்கேதான்.

சீட் யாருக்கு?

ஊருக்கு ஒரு விதி. நியூயார்க்கில் ஸ்டைவசன்ட் உள்ளிட்ட எட்டு சிறப்புப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வுதான் அளவுகோல். இந்த முறை 1971-ல் மாநிலச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அதன் விளைவு, 2019-ல் ஸ்டைவசன்ட் அனுமதி வழங்கிய 895 பேரில் கறுப்பின மாணவர்கள் வெறும் 7 பேர்.

டிஜே எதிர்த் திசையில் போனது. 2020-ல் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி பள்ளி வாரியம் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கியது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீதத்துக்கு இணையான இடங்களை அந்தந்தப் பள்ளிக்கே ஒதுக்கியது. மதிப்பெண், கட்டுரை ஆகியவற்றோடு குடும்ப வறுமை போன்ற காரணிகளும் கணக்கில் வந்தன.

முதல் ஆண்டிலேயே மாற்றம் தெரிந்தது. பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் பங்கு 0.62 சதவீதத்தில் இருந்து 25.09 சதவீதமானது. ஆசிய வம்சாவளி மாணவர்களின் பங்கு 73 சதவீதத்தில் இருந்து சுமார் 54 சதவீதமாகக் குறைந்தது.

பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2022-ல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. விண்ணப்பித்தவர்களில் ஆசியர்கள் சுமார் 48.6 சதவீதம், இடம் பெற்றவர்களில் 54.4 சதவீதம், அப்படியிருக்க பாகுபாடு எங்கே என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 2025 மே மாதம் அமெரிக்கக் கல்வித் துறை தனியாக விசாரணையைத் தொடங்கியது.

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. அதே 2020-ல்தான் தமிழ்நாடு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஒரே தேர்வில் எல்லோரையும் நிறுத்தினால், கோச்சிங் போக வசதி இருப்பவர்தான் முன்னால் நிற்பார் என்பதுதான் இரண்டு இடத்திலும் வைக்கப்பட்ட வாதம்.

பள்ளி செய்வது என்ன?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வரலாம். பிரபலமான பள்ளியில் படித்தவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள், உண்மைதான். ஆனா, அது பள்ளியின் வேலையா? உள்ளே நுழையும்போதே அவர்கள் அப்படித்தான் இருந்தார்களா?

பொருளாதார ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் கட்-ஆஃப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அரை மார்க்கில் சீட் கிடைத்தவரும் அரை மார்க்கில் தவறவிட்டவரும் திறமையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த இரண்டு கூட்டமும் சில ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பள்ளியின் தனிப் பங்களிப்பு தெரிந்துவிடும்.

அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக் ஆகிய மூவரும் பாஸ்டன், நியூயார்க் பள்ளிகளில் இதைச் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். கட்-ஆஃபைத் தாண்டியவர்களுக்கும் தவறவிட்டவர்களுக்கும் பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லூரிச் சேர்க்கையிலும் அப்படியே. சுற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தால் நம் பிள்ளையும் தானாக உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை அது ஆட்டிப் பார்த்தது.

சிகாகோவில் நடந்த ஆய்வு இன்னும் நெருடலானது. அந்த நகரம் குடியிருப்புப் பகுதிகளைப் பொருளாதார நிலைப்படி நான்கு அடுக்குகளாகப் பிரித்து, பெரும்பாலான இடங்களை ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் நடக்கும் போட்டிக்கு ஒதுக்கியது. மிக ஏழைப் பகுதிகளில் இருந்து இந்தப் பள்ளிகளுக்குப் போன மாணவர்களின் வகுப்பு மதிப்பெண் சராசரி குறைந்தது. போட்டி மிகுந்த கல்லூரிகளில் சேரும் வாய்ப்பும் குறைந்தது. வேறு பள்ளியில் முதல் வரிசையில் இருந்திருக்கக்கூடியவர், இங்கே கெட்டிக்காரர்கள் நடுவே பின்வரிசைக்குப் போகிறார் என்பது இதற்கு ஒரு விளக்கம். அதே மாணவர்கள் தங்கள் பள்ளிச் சூழலைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பலன் குறைவு என்றால் சண்டை எதற்கு?

நியாயமான கேள்வி. இந்த ஆய்வுகள் கட்-ஆஃப் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. கோட்டுக்கு வெகு மேலே இருப்பவருக்கும், வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் உயர் கணிதமே இல்லாதவருக்கும் அதே விடைதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வகமும் ஆசிரியர்களும் பொதுப் பணத்தில் வருபவை. பலன் எவ்வளவாக இருந்தாலும், பக்கத்துப் பள்ளிகளில் இருந்து ஒருவர்கூட உள்ளே வர முடியவில்லை என்றால் அது பொது நியாயம் சார்ந்த கேள்விதான்.

சரி, எப்படி முடிவு எடுப்பது?

முதலில் பயணம். ஆஷ்பர்னில் இருந்து டிஜேவுக்குத் தினமும் போய்வருவது 80 கிலோமீட்டருக்கு மேல். நான்கு ஆண்டுகளுக்கு அந்த நேரம் தூக்கத்தில் இருந்தும் விளையாட்டில் இருந்தும்தான் கழியும்.

இரண்டாவது, நாளின் அமைப்பு. டிஜே முழுநேரப் பள்ளி, நண்பர்கள், கிளப் எல்லாம் அங்கேயேதான். லவுடன் அகாடமியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி. சிலருக்கு இது இரண்டு உலகத்தின் நல்லதும் கிடைக்கும் ஏற்பாடு. சிலருக்கு எந்தப் பள்ளியிலும் முழுசாக ஒட்டாத மாதிரி இருக்கும்.

மூன்றாவது, அங்கே மட்டும் கிடைப்பது எது? டிஜேவில் வானியல், நரம்பியல் என்று தனித்தனி ஆய்வகங்கள் உண்டு. கடைசி ஆண்டில் மாணவர்கள் ஆய்வுத் திட்டம் ஒன்றை முடிக்க வேண்டும். அது உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த விஷயமா?

நான்காவது, நடுவரிசையில் நிற்பதைப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும்? எட்டாம் வகுப்பு வரை முதல் ரேங்க் எடுத்த எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், பாதிப் பேர் கண்டிப்பாகக் கீழ்ப் பாதியில்தான் இருப்பார்கள். சிகாகோ எண்களுக்குப் பின்னால் இருப்பது இதுவாக இருக்கலாம். பெற்றோர் அதிகம் பேசாத விஷயமும் இதுதான்.

ஆஷ்பர்ன் மகளுக்கு அந்த ஆய்வகத்தில் கண் இருந்தால், இரண்டு பக்கப் பயணத்தையும் அவளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால், டிஜே நல்ல முடிவுதான். குரூப்பில் போட ஒரு பெயர் வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், லீஸ்பர்க் பஸ் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கத்தையாவது மிச்சம் வைக்கும்.