அரசனைச் சிறை வைத்தால் போதுமா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு



ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. எங்கள் அரியூர் நாட்டிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் மக்கள் செம்மேட்டுக்குத் திரண்டு வருவார்கள். ஓரியின் வில்லாற்றலையும் கொடையையும் மேடையில் நெடுநேரம் புகழ்வார்கள். அவன் மாண்ட விதத்தை மட்டும் ஒரே வரியில் முடித்து விடுவார்கள். எனக்கோ அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஓரியைக் கொன்றவன் சேர வேந்தன் அல்லன், மலையமான் திருமுடிக்காரி. அவனும் ஓரியைப் போலவே ஒரு குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவன்! கொன்றபின் கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இப்படித் தங்களுக்குள் மோதிக்கொண்ட குறுநில மன்னர்கள் வேந்தர்களை எப்படித் தட்டிக் கேட்டிருக்க முடியும்?

வரலாற்றில் இங்கிலாந்து நாட்டு ஜான் மன்னனைப் பற்றிப் படிக்கிறோம். போருக்குப் பணம் வேண்டுமென்று வரிமேல் வரி போட்டவன் அவன். பிரபுக்கள் ஒன்றுகூடி, 1215ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீடு என்னுமிடத்தில் அவனை மகா சாசனத்துக்கு இணங்க வைத்தார்கள். பேராயர் ஸ்டீபன் லாங்டன் இரு தரப்புக்கும் நடுவே நின்று உதவினார். பொது ஆலோசனையின்றிப் புதுவரி கூடாது, சட்டப்படியான தீர்ப்பின்றிச் சுதந்திர மனிதன் எவனையும் சிறையிடக் கூடாது என்பவை அதில் அடங்கியவை.

அடுத்த ஆண்டு, 1216இல், ஜான் இறந்தான். அதே ஆண்டில்தான் சோழநாட்டில் மூன்றாம் இராசராசன் அரியணை ஏறினான். வலிமையற்ற மன்னன். பாண்டியன் மாறவர்மன் சுந்தரன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். சோழனுக்குக் கீழிருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். 1231இல் தன் பேரரசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான்! (இது நம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் அன்று; உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஊர்.) செய்தி கேட்ட போசள மன்னன் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கொப்பய்யன் என்னும் இரு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் வழியிலுள்ள ஊர்களை அழித்துக்கொண்டே வந்து சோழனை மீட்டார்கள். கடலூர் அருகே திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

எத்தனை பெரிய துணிச்சல்! ஜான் மன்னனை எந்தப் பிரபுவும் சிறையில் பூட்டவில்லையே! ஆனால் சோழப் பேரரசனே கையில் சிக்கியிருந்த அந்த நாட்களில் கோப்பெருஞ்சிங்கன் மக்களுக்காகக் கேட்டது என்ன? வரியைக் குறை என்றானா? குடிகளைக் கேட்டு ஆட்சி செய் என்றானா? அப்படி ஒரு வரியும் அந்தக் கல்வெட்டில் இல்லை. காடவர் பின்னர்ச் 'சகலபுவன சக்கரவர்த்தி' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். சிதம்பரத்தில் அழகான கோபுரத் திருப்பணி செய்தார்கள். கோபுரத்தை நானும் வணங்குகிறேன். ஆயினும் ஒரு சக்கரவர்த்திக்குப் பதில் இன்னொரு சக்கரவர்த்தி வந்ததால் ஏர் பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? எரிந்த ஊர்கள்தாம்.

இங்கிலாந்துப் பிரபுக்களும் தங்கள் நலத்துக்காகத்தானே கூடினார்கள் என்று சில தோழியர் கேட்கலாம். உண்மைதான். அங்கே நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்களைச் சுதந்திர மனிதராகவே எண்ணவில்லை. சில வாரங்களிலேயே திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்ததும் உண்மையே. ஆனால் எழுதி வைத்ததை மறுபடி எடுத்து நீட்டலாம் அல்லவா? ஜான் இறந்த பின்பு 1216, 1217, 1225 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்களோடு அது மீண்டும் வெளியிடப்பட்டது.

அப்படியானால் தமிழகத்தில் எழுதிக் கேட்டவர்களே இல்லையா? இருந்தார்கள். அவர்கள் பிரபுக்கள் அல்லர், குடிகள்! 1429ஆம் ஆண்டு, விசயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் காலம். விளைச்சலைப் பாராமல் அதிகாரிகளும் சீவிதக்காரர்களும் வரி பிடுங்கினார்கள். ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று எண்ணுமளவுக்குக் கொடுமை. அப்போது வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும் ஒன்றுகூடினார்கள். வேறு காலங்களில் தெருவில் அடித்துக்கொண்ட இரு கட்சியினர் இவர்கள்! நாம் ஒற்றுமையாக இல்லாததால்தான் நம்மை வருத்துகிறார்கள் என்று அவர்களே சொன்னார்கள். இனி விளைவுக்கேற்ற நியாயமான வரி மட்டுமே கொடுப்போம், அக்கிரமம் செய்பவர்களுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று முடிவு செய்து, விருத்தாசலம், கொறுக்கை முதலிய ஊர்க் கோயில்களில் கல்லில் வெட்டி வைத்தார்கள். கோட்டையும் குதிரைப்படையும் இல்லாதவர்கள்!

இவர்களுக்கு எங்கும் சிலை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை பள்ளிச் சுற்றுலா சிதம்பரம் சென்றால், வழியில் விருத்தாசலத்தில் அரைமணி நேரம் பேருந்தை நிறுத்தும்படி அருட்சகோதரியிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். என்னோடு சேர்ந்து கேட்க நீங்களும் வருவீர்களா?