பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் திருமணச் சான்றிதழிலும் வேண்டும்

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
அயல்நாட்டவரை மணந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களின் சங்கம்.

பெறுநர்:
பதிவுத்துறைத் தலைவர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மணமக்களில் ஒருவர் அயல்நாட்டவராக இருக்கும் திருமணங்களின் பதிவு – ஆவணப் பட்டியல், பெயர்ப் பதிவு, பிழைத் திருத்தம் – ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சார்பதிவாளர் அலுவலகத்தில் வழங்கப்படும் திருமணச் சான்றிதழ் பெரும்பாலும் உள்ளூரிலேயே பயன்பட்டு முடிந்துவிடும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வங்கியில் கொடுக்க, வாரிசுச் சான்று வாங்க என்று எங்கே கொண்டுபோனாலும், அதை வாங்கிப் பார்ப்பவருக்கு நம் ஊரும் நம் பெயர் வழக்கமும் தெரியும். மணமக்களில் ஒருவர் வேறு நாட்டவர் என்றால் அதே தாள் தமிழே அறியாத ஒரு குடியேற்ற அதிகாரியின் மேசைக்குப் போகிறது. இந்தத் திருமணம் உண்மையா, இந்த இருவரும்தான் மணந்துகொண்டவர்களா என்பதை அவர் காகிதத்தை வைத்தே முடிவு செய்கிறார். எனவே அயல்நாட்டு மணத்தின் சான்றிதழ், தொலைவில் இருக்கும் அந்நியர் ஒருவர் படிப்பதற்காக எழுதப்படும் ஆவணம் என்பதைத் துறை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப அதைத் தயாரிக்கும் முறையை மாற்ற வேண்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

பெயரிலிருந்து தொடங்குகிறோம், சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. முருகன் என்பவரின் மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் 'செல்வி மு.', ஆதாரில் 'செல்வி எம்', திருமணச் சான்றிதழில் 'மு. செல்வி, த/பெ முருகன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே 'செல்வி முருகன்' ஆகிறார். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் 'பெண்' என்பதோடு நின்றிருந்தாலும் வியப்பில்லை. நமக்கு இவை அனைத்தும் ஒரே பெண். முருகன் என்பதைக் குடும்பப் பெயராக எண்ணும் ஓர் அதிகாரிக்கோ, இவை நான்கு வேறு ஆட்களாகத் தெரிய எல்லா நியாயமும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல் இதை இன்னும் கடினமாக்குகிறது. லட்சுமிக்கும் கனிமொழிக்கும் ரோமன் எழுத்தில் எத்தனை வடிவங்கள் புழங்குகின்றன என்பதை நாள்தோறும் பதிவேடு பார்க்கும் தங்கள் அலுவலர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

இதன் விளைவு வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெண்ணின் பெயர் குடும்பப் பெயராக நகர்ந்துவிடும். அவருடைய சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரின் இடத்தில் அது நிற்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, வருகை விசாக்கள் கிடையாது என்று அறிவித்தபோது, நம் பெயர் வழக்கம் உலக நடைமுறையோடு எங்கே மோதுகிறது என்பது வெளிச்சமானது. துணையோடு சேர்ந்து வாழ விண்ணப்பிப்பவரின் நிலை இதைவிடக் கடினம், ஏனென்றால் அவருடைய காகிதம் ஒரு முறை பார்த்து மூடி வைக்கப்படுவதில்லை. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் துணைக்கு முதலில் 33 மாத அனுமதி, பிறகு 30 மாத நீட்டிப்பு, ஐந்தாண்டு நிறைந்தபின் நிலையான குடியிருப்பு என்று படிப்படியாகப் போகிறது. அமெரிக்காவில் மணமாகி இரண்டாண்டு நிறையாமல் நுழைபவருக்கு நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டு கிரீன் கார்டுதான் கிடைக்கும். நிபந்தனையை நீக்க மறுபடி மனுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதே திருமணம் மறுபடி சோதிக்கப்படுகிறது. ஒரு படியில் பெயர் சிக்கினால் பிரிந்திருக்கும் மாதங்கள் கூடுகின்றன. விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்புவதில்லை.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது. மணமக்களில் ஒருவர் அயல்நாட்டவராக உள்ள எல்லாப் பதிவுகளிலும், வழக்கமான பெயருக்கு அருகில் 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர்' என்ற தனிக் கட்டம் இடம்பெற வேண்டும். இருவருடைய பாஸ்போர்ட் எண்ணும், பிறந்த நாளும், பிறந்த ஊரும் சான்றிதழிலேயே அச்சாக வேண்டும். கையெழுத்திடும் முன் வரைவு ஒன்றை அச்செடுத்து மணமக்கள் கையில் கொடுத்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கக் கால் மணி நேரமாவது தர வேண்டும். அந்தக் கால் மணி நேரம் பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அயல்நாட்டு அதிகாரிக்கு விளங்கவில்லை என்பதற்காக நம் பெயர் மரபை ஏன் வளைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாதிப் பெயரை ஒட்டாமல், தகப்பன் அல்லது தாயின் பெயரின் முதலெழுத்தோடு நிற்கும் வழக்கத்தை நாங்கள் பெருமையாகவே கருதுகிறோம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. 'மு. செல்வி' அப்படியே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே விரிக்கப்பட்டுள்ள வடிவத்தைப் பக்கத்தில் எழுதுவது, அந்த இனிஷியலுக்கு உரிய பொருளைச் சான்றிதழே சொல்லுமாறு செய்வதாகும்.

அடுத்தது ஆவணப் பட்டியல். மதங்கள் வேறாகவோ ஒருவர் அயல்நாட்டவராகவோ இருக்கும் இணையர் பெரும்பாலும் நாடுவது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தை. அதன் 4ஆம் பிரிவு எந்த இரு நபர்களும் மணந்துகொள்ளலாம் என்றே தொடங்குகிறது. உயிரோடிருக்கும் துணை இருக்கக் கூடாது, உரிய வயது வேண்டும் போன்ற நிபந்தனைகள் தொடர்கின்றன. இவை நிறைவேறியதற்குச் சட்டம் கேட்பது என்ன? 11ஆம் பிரிவின்படி மணமக்களும் மூன்று சாட்சிகளும் திருமண அலுவலர் முன் கையெழுத்திடும் உறுதிமொழி. அது பொய்யானால் 45ஆம் பிரிவின்படி தண்டனை. நடைமுறையிலோ தூதரகத்திலிருந்து 'மணமாகாதவர் சான்று' அல்லது 'தடையின்மைச் சான்று' கேட்கப்படுகிறது. எது போதும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுவதாக எங்கள் உறுப்பினர்கள் சொல்கிறார்கள். எல்லா நாடுகளாலும் அந்தச் சான்றைத் தர முடியாது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான திருமணப் பதிவேடே இல்லை. ஆகையால் அந்நாட்டுத் தூதரகம் தன் குடிமகன் மணமாகாதவர் என்று சான்றளிக்காது. அவரே எழுதிக் கொண்டுவரும் உறுதிமொழிப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டதை மட்டுமே உறுதி செய்யும். அதை ஏற்காமல் தூதரகமே சான்று தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், இல்லாத காகிதத்தைத் தேடி அந்த இணையர் எங்கே போவார்கள்?

ஏமாற்று மணங்களைத் தடுக்கத்தானே கூடுதல் காகிதம் கேட்கிறோம் என்று அலுவலர்கள் சொல்லும் மறுமொழியை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்று நம்பிக் கட்டிக்கொடுத்து, விசா வரும் வரும் என்று காத்திருந்து கைவிடப்பட்ட பெண்களின் துயரம் உண்மையானது. அவர்களைக் காப்பது அரசின் கடமை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்தக் காகிதம் அவர்களைக் காக்கும் என்று பார்க்க வேண்டும். இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் அளித்த 287ஆம் அறிக்கை இந்தப் பிரச்சினைக்கென்றே எழுதப்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியர் மற்றும் கடல்கடந்த இந்தியக் குடிமக்களுடனான திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும், கணவன் மனைவி பாஸ்போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், திருமணப் பதிவு எண் பாஸ்போர்ட்டில் இடம்பெற வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். கைவிட்டுப் போனவரைப் பின்தொடர உதவுவது அவருடைய பாஸ்போர்ட் எண்ணும் திருத்தமான முழுப்பெயரும்தான். நாங்கள் கேட்கும் கட்டங்களும் அவையே. நேர்மையான இணையருக்கு விசாவை எளிதாக்கும் அதே தகவல் ஏமாற்றுக்காரனை அடையாளம் காட்டவும் செய்யும். முந்தைய மணம் முறிந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும், துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றையும் கண்டிப்பாகக் கேளுங்கள். அதை நாங்களும் ஆதரிக்கிறோம். எந்த நாட்டுக்கு எந்த ஆவணம், அது கிடைக்காத நாட்டவருக்கு மாற்றாக எது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியலாகத் துறையின் இணையதளத்திலும் ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும் வெளியிடுங்கள். பட்டியலில் இல்லாததைக் கேட்கும் அலுவலர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

சிறப்புத் திருமணச் சட்டம் மத்தியச் சட்டம், மாநிலத் துறை என்ன செய்ய முடியும் என்று தயங்க வேண்டியதில்லை. திருமண அலுவலர்களை நியமிப்பது 3ஆம் பிரிவின்படி மாநில அரசு. அவர்கள் தொடர்பான விதிகளை இயற்றும் அதிகாரமும் 50ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கு உண்டு. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கி 2009இல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது.

இன்னொரு குழியையும் சுட்டிக்காட்ட வேண்டும். மூன்று வார விடுப்பில் வரும் அயல்நாட்டு மணமகன், உறவினர் கூடிய கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு பதிவுக்கு வருகிறார். முன்னறிவிப்புக் கொடுத்து அலுவலர் முன்னிலையில் மணப்பதற்கு, மணமக்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் போதும் என்கிறது சிறப்புத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. வேறு முறையில் ஏற்கெனவே நடந்த மணத்தைப் பதிவு செய்யும் 15ஆம் பிரிவோ இருவரும் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் மண்டபம் பிடித்தவர்களுக்கு, விமான டிக்கெட் தேதி நெருங்கும்போதுதான் விஷயம் புரிகிறது. முன்கூட்டியே முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்லும் ஒரு வரி அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் பிழை நேரலாம். அதற்குச் சட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. பதிவில் பிழை கண்ட திருமண அலுவலர், கண்ட ஒரு மாதத்துக்குள், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதலாம் என்கிறது 49ஆம் பிரிவு. மணமக்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் நம்பத்தகுந்த இரு சாட்சிகள் முன்னிலையில் செய்யலாம். ஆகவே வேலைக்குத் திரும்பிவிட்ட துணை, ஓர் எழுத்தைத் திருத்துவதற்காகக் கடல் கடந்து வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்தப் பிரிவை அலுவலர்களுக்கு நினைவூட்டும் சுற்றறிக்கை ஒன்றும், திருத்த மனுவை 15 நாளுக்குள் முடிக்கும் கால வரம்பும் வேண்டுகிறோம். சான்றிதழ்கள் மின்னணுக் கையொப்பத்தோடும் சரிபார்ப்புக் குறியீட்டோடும் வழங்கப்பட்டால், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரைக்கு முந்தைய மாநில அளவிலான சரிபார்ப்பும் விரைவாக முடியும்.

வேலைச்சுமை கூடும் என்ற அச்சத்துக்கும் ஒரு சொல். இத்தகைய பதிவுகள் மொத்தப் பதிவுகளில் ஒரு சிறு பகுதிதான். இன்று அந்தச் சிறு பகுதியின் ஒவ்வொரு பதிவும் திரும்பத் திரும்ப அதே மேசைக்கு வருகிறது: திருத்தத்துக்கு ஒரு முறை, நகலுக்கு ஒரு முறை, 'இருவரும் ஒருவரே' என்ற சான்றுக்காக ஒரு முறை. முதல் நாளே சரியாக எழுதினால் இந்த வரத்து நின்றுவிடும்.

பெயர்க் கட்டங்கள் சேர்த்த மாதிரிச் சான்றிதழ் வரைவையும், ஆவணப் பட்டியலின் முதல் வரைவையும் இத்துடன் இணைத்துள்ளோம். துறை அலுவலர்களோடு அமர்ந்து இவற்றைத் திருத்தி முடிக்க எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர். அதற்கு நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: ஆணையர், அயலகத் தமிழர் நலன்; செயலாளர், உள்துறை.