மூக்கை ஒட்டிய கை

“அறுவை மருத்துவமா? அது எங்கள் ஏட்டில் என்றோ எழுதப்பட்டாயிற்று!” என்று மார்தட்டுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. 2014 அக்டோபரில், மும்பையில், ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவில் நாட்டின் பிரதமரே பிள்ளையாரின் யானைத் தலையைச் சான்று காட்டி, பிளாஸ்டிக் சர்ஜரி அந்நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று பேசினார். மனிதக் கழுத்துக்கு யானைத் தலை பொருந்துமா என்று நாம் கேட்கப்போவதில்லை. புராணத்தோடு மல்லுக்கு நிற்பது இன்றைய வேலையன்று. மெய்யாகவே நடந்த அறுவை ஒன்று உண்டு, அதைப் பேசுவோம்.

அதற்குமுன் ஒரு சொல். சுஸ்ருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூலை நாம் பழிக்கவில்லை. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டும் முறை அதில் இருக்கிறது. பூசணியிலும் சுரைக்காயிலும் வெட்டிப் பழகச் சொல்கிறது. பிணத்தைப் புல்லால் பொதிந்து, கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவிட்டு, தோலை மெல்ல மெல்லத் தேய்த்து நீக்கி, உள்ளுறுப்புகளைக் கண்ணால் காணச் சொல்கிறது. நல்ல நூல்தான்! அப்படிப்பட்ட நூல் இருந்தும் கத்தி துருப்பிடித்தது ஏன்?

மனுவின் ஏட்டைப் புரட்டுங்கள், விடை கிடைக்கும். மூன்றாம் அத்தியாயம் சிராத்தப் பந்தியிலிருந்து வைத்தியனை விலக்குகிறது. நான்காம் அத்தியாயம் அவன் இடும் சோற்றைச் சீழோடு வைத்து எண்ணுகிறது. பிணத்தைத் தொட்டவன் நீராடினாலன்றித் தூய்மையில்லை என்கிறது ஐந்தாம் அத்தியாயம். புண்ணும் தீட்டு, பிணமும் தீட்டு என்றான பிறகு ஏடு மேலே தங்கிற்று. கத்தி கீழே இறங்கிற்று. நம் கற்பனையன்று இது. சாதியும் சாத்திரமும் அறுவைக் கலையை அழித்த கதையைத் தம் இந்து வேதியியல் வரலாற்றில் எடுத்துரைத்தவர் வங்கத்து அறிஞர் பிரபுல்ல சந்திர ராய். அவர் கருஞ்சட்டைக்காரர் அல்லர்!

நம் ஊர்க் கதை மட்டும் வேறா? கட்டியைக் கீறியவரும் பிள்ளைப்பேறு பார்த்தவரும் நாவிதர் குடியினர். ‘மருத்துவர்’, ‘மருத்துவச்சி’ என்ற பெயர்களே அவர்களுக்கு வழங்கின. கட்டி உடையும் வரை அந்தக் கை வேண்டும். உடைந்த மறுநாள் அதே கை திண்ணையில் படலாகாது!

இனி அந்த அறுவைக்கு வருவோம். காவஸ்ஜி என்றொரு மராட்டியர், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்புவின் பக்கம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு மூக்கில்லாமல் வாழ்ந்தவருக்குப் புனே அருகில் ஒருவர் புது மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் பொருத்திப் பார்த்து, அதையே நெற்றியில் பரப்பிக் கோடிட்டு, அந்தத் தோலை உரித்தார். முழுவதும் உரித்துவிடவில்லை, குருதி ஓட்டம் அறுந்துவிடாதபடி புருவங்களுக்கிடையே ஒரு சிறு பட்டையை விட்டுவைத்தார். பிறகு தோலைத் திருப்பி மூக்கில் இருத்தினார். என்ன நுட்பம்! பம்பாயின் ஆங்கில மருத்துவர் இருவர் உடனிருந்து பார்த்தனர். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசின் இச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அதனால் தூண்டப்பெற்ற கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர், பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-இல் இந்த அறுவையைச் செய்தார். 1816-இல் நூலும் எழுதினார். ஐரோப்பா இம்முறையைக் கற்ற வழி இது.

புனேயில் கத்தி பிடித்தவர் யார்? வேதம் ஓதியவரா? அல்லர். செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது அந்த இதழ்.

“ஐரோப்பாவிலும் நாவிதர்தானே கத்தி பிடித்தார்?” என்று குறுக்கிடுவார்கள். உண்மைதான். பதினாறாம் நூற்றாண்டின் ஆம்புரோஸ் பாரே நாவிதராகத் தொடங்கியவர், லத்தீன் அறியாதவர். எனினும் தாம் கண்டதைத் தாய்மொழியாம் பிரெஞ்சில் எழுதினார்; மன்னர்களுக்கே அறுவை மருத்துவரானார். ஏடும் கத்தியும் அங்கே ஒரே கைக்கு வந்து சேர்ந்தன. இங்கே? பிணத்தை ஆராயச் சொல்லும் சுஸ்ருத நூல் இருந்த நாட்டில், வடமொழி மருத்துவம் கற்பித்த மதுசூதன் குப்தரே, 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் பிணத்தில் கத்தி வைக்க முடிந்தது!

சுஸ்ருதருக்குச் சிலை வைக்கட்டும், தடுப்பாரில்லை. மேடைதோறும் அவர் பெருமையைப் பாடட்டும். பாடுகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். மாட்டு வண்டிக்காரரின் பெயர் அச்சேறியது. அவரை நோய்ப்படுக்கையில் பார்த்தவர்கள் பெயரும் பதிவாயிற்று. மூக்கை ஒட்டிய அந்தச் செங்கல்காரரின் பெயர் என்ன?